பொட்டு வைத்த டேப்

வாணி விழா அன்று எங்கள் அலுவலகத்தில் பொட்டு வைக்கப்படாத பொருள் எதுவும் இருக்காது. கதவு, அலுமாரி, பிரிண்டர், மேலாளரின் தொலைபேசி, எல்லாவற்றுக்கும் சந்தனமும் குங்குமமும் உண்டு. நான் இதற்கு எதிரானவள் அல்ல. அன்புவழிபுரத்தில் எங்கள் வீட்டுத் தையல் மெஷினுக்கு நானே பொட்டு வைப்பேன். ஆனால் கம்ப்யூட்டர் அறைக்குள் சந்தனக் கிண்ணத்தோடு யாரும் வரக்கூடாது என்று ஒவ்வொரு வருடமும் சொல்வேன், ஒவ்வொரு வருடமும் தோற்றுப்போவேன்.

அலுவலகம் திருகோணமலைத் துறைமுகத்தை ஒட்டி இருக்கிறது. மீன்பிடிப் படகுகள் கடலிலிருந்து ரேடியோவில் “ஹாபர்” என்று எங்களைக் கூப்பிட்டால் பதில் சொல்வதும் எங்கள் வேலைதான். ரேடியோவில் பேசுவதெல்லாம் ஒரு கம்ப்யூட்டரில் பதிவாகும். இரவில் அந்தப் பதிவுகள் தாமாகவே டேப்பில் ஏறும். உள்ளங்கை அளவுப் பெட்டி, உள்ளே சுற்றிய நாடா. பழைய பாட்டுக் கசெட்டுக்கு அண்ணன் முறை என்று வைத்துக்கொள்ளலாம். அதைப் போடுகிற டிரைவ் ஒன்றுதான், வேறொரு கம்ப்யூட்டரில் இருந்தது. அதைக் கட்டி மேய்க்கிற ஆளும் நான் ஒருத்திதான்.

அன்று காலை நான் வந்தபோது வாசலில் கட்டிய மின்குமிழ் மாலைகள் எரியவில்லை. பக்திப் பாட்டும் பாதியில் நின்றிருந்தது. மாலைகள், ஒலிபெருக்கி, பொங்கல் வைக்கிற மின்னடுப்பு எல்லாவற்றையும் ரேடியோப் பதிவுக் கம்ப்யூட்டருக்குத் தடையில்லாமல் மின்சாரம் கொடுக்கிற யூபிஎஸ்ஸில் செருகியிருந்தார்கள். அது எவ்வளவுதான் தாங்கும்? கைவிட்டுவிட்டது. கூடவே அந்தக் கம்ப்யூட்டரும் நின்று, திரும்ப எழும்ப மறுத்தது. காதை வைத்துப் பார்த்தேன். உள்ளே டிஸ்க் டக் டக் என்றது. அந்தச் சத்தம் கேட்டால் டிஸ்க்கை மறந்துவிட வேண்டியதுதான். எனக்கு வந்த ஆத்திரத்தில் பூசைக்கு வைத்திருந்த அவல் கடலை வாளியைத் தூக்கி முற்றத்தில் கொட்டியிருப்பேன்.

அதற்குள் கிண்ணியாவிலிருந்து ஒருவர் வந்துவிட்டார். முந்தின நாள் தனியாகக் கடலுக்குப் போன அவருடைய தம்பி திரும்பவில்லை. காலையில் கரைக்கு வந்த வேறொரு படகுக்காரர், தம்பி அந்தி நேரம் எங்களைக் கூப்பிட்டது தன் ரேடியோவிலும் கேட்டதாகச் சொல்லியிருக்கிறார். எஞ்சின் நின்றுவிட்டது என்றது விளங்கியதாம். நிற்கும் இடத்துக்கு அவன் வாசித்த எண்கள் இரைச்சலில் விளங்கவில்லையாம். அந்த நேரம் எங்கள் ரேடியோ மேசையில் இருக்க வேண்டியவர் வாசலில் வாழைமரம் கட்டிக்கொண்டிருந்தார். கம்ப்யூட்டர் மட்டும்தான் கேட்டிருக்கும். அது இப்போது செத்துக் கிடந்தது.

தேடப் போகிற படகுகள் துறையில் எஞ்சினைப் போட்டபடி நின்றன. எந்தப் பக்கம் போவது என்றுதான் தெரியவில்லை. கடல் பரந்து கிடந்தது. இரவு எழுதிய டேப் ஒன்றுதான் மிச்சம்.

ஓடிப்போய்ப் பார்த்தேன். எழுதி முடித்ததும் டிரைவ் வழக்கம்போல டேப்பைப் பாதி வெளியே தள்ளியிருந்தது. வெளியே தெரிந்த விளிம்பில் அழகான சந்தனப் பொட்டு, நடுவில் குங்குமம். கணக்குப் பகுதி அக்காவின் கைவண்ணம். அந்த விளிம்பில் ஒரு சின்னச் சிவப்புப் பூட்டு இருக்கும். அதைத் தள்ளிவிட்டால் டேப்பை வாசிக்கலாம், அதன் மேல் எழுத ஏலாது. அக்கா அந்தச் சிவப்பைப் பார்த்து, பொட்டு வைக்கத்தான் இடம் விட்டிருக்கிறார்கள் என்று நினைத்தாராம். சந்தனம் காய்ந்து, பூட்டு அசையவில்லை.

டேப் உள்ளே போனதும் எழுதத் தொடங்குவது எங்கள் புரோகிராமின் பழக்கம். அதை நிறுத்திவிட்டேன், ஆனாலும் நம்ப மனம் வரவில்லை. தப்பித்தவறி அது எழுதினால் காணாமல் போன தம்பியின் குரல் இல்லாமல் போய்விடும். சந்தனத் தூள் உள்ளே போய் டிரைவ் பழுதானால் வேறு டிரைவுக்குக் கொழும்புக்குத்தான் போகவேண்டும். பேச நேரமில்லை. அக்கா தானாகவே சேலையில் குத்தியிருந்த ஊசியைக் கழற்றித் தந்தார். அவருடைய கண் கலங்கியிருந்தது. ஏச வாயெடுத்த நான் ஏசவில்லை. டேப்பைக் கவிழ்த்துப் பிடித்து, ஊசியால் சுரண்டி, ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் துடைத்தேன். பூட்டு டிக்கென்று நகர்ந்தது.

டேப்பை உள்ளே விட்டேன். அதற்குக் கட்டளை கொடுப்பது கறுப்புத் திரையில், வெறும் எழுத்தில். அமுக்கப் பொத்தானோ படமோ கிடையாது. கடைசிப் பதிவின் தொடக்கத்துக்குப் போ என்று அடித்தேன். டிரைவ் முனகியது. பிறகு திரையில் வாசிக்க முடியவில்லை என்று ஒரு வரி வந்தது. டேப்பை வெளியே எடுத்து, டிரைவைத் துடைக்கிற தனி டேப்பை ஒருமுறை ஓடவிட்டு, மறுபடி போட்டு, அதே கட்டளையை அடித்தேன்.

இந்த முறை திரை ஒன்றும் சொல்லவில்லை. கர்சர் அடுத்த வரிக்கு இறங்கி மினுக்கிக்கொண்டு நின்றது.

கிண்ணியாக்காரர் என் கதிரைக்குப் பின்னால் நின்றிருந்தார். அவரை யார் உள்ளே விட்டது என்று தெரியாது.

“ஒண்டும் சொல்லுதில்லையே, மிஸ்.”

“ஒண்டும் சொல்லாட்டி நல்லது. பிழையெண்டாத்தான் இது வாய் திறக்கும்.”

அவர் தலையாட்டினார். பதிவுகளைப் பிரித்து எடு என்று அடித்தேன். நாடா ஓடியது. முந்தின நாளின் பதிவுகள் ஒவ்வொன்றாக இறங்கின. அந்தி நேரத்துப் பதிவைத் திறந்தேன்.

இரைச்சல். பிறகு ஒரு குரல். எஞ்சின் நின்றுவிட்டது, நீரோட்டம் தெற்கே இழுக்கிறது என்றது. ஜிபிஎஸ் எண்களை நிதானமாக வாசித்தது. மேலாளர் எண்களைத் துறைக்குச் சொல்ல ஓடினார். பதிவை நிறுத்த எனக்குத் தோன்றவில்லை. “ஹாபர், கேக்குதா?” என்றது குரல். கொஞ்சம் பொறுத்து மறுபடி, “ஹாபர், கேக்குதா?” பதில் இல்லை. கடைசியாகக் கேட்டபோது அந்தக் குரலில் இருந்த நிதானம் போய்விட்டிருந்தது. அண்ணன்காரர் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். எங்கள் அலுவலகத்துக்காக நான் வெட்கப்பட்டேன்.

படகுகள் போய்விட்டன. பூசை நடந்ததா இல்லையா என்று எனக்கு நினைவில்லை. அண்ணன்காரர் ரேடியோ மேசைக்குப் பக்கத்தில் கதிரையைப் போட்டு உட்கார்ந்தார். அக்கா கொண்டுவந்த தேநீர் அவர் கையில் ஆறிப்போனது. குரல் வந்தது நேற்று அந்திக்கு. இரவு முழுக்க நீரோட்டம் இழுத்திருக்கும். அந்த எண்கள் இப்போது என்ன பிரயோசனம் என்று எனக்குள் ஓடிக்கொண்டிருந்தது. வெயில் ஏறி, பிறகு சாய்ந்தது. ரேடியோ ஊமையாக இருந்தது.

“ஒண்டும் சொல்லாட்டி நல்லதெண்டு நீங்கதானே மிஸ் சொன்னீங்க” என்றார்.

டிரைவுக்குச் சொன்னதை மனிதர் ரேடியோவுக்கும் சேர்த்துப் பிடித்துக்கொண்டிருந்தார். இல்லை, ரேடியோ அப்படி இல்லை என்று சொல்ல எனக்கு நா எழவில்லை. “ஓம்” என்றேன். என் வாழ்க்கையில் அவ்வளவு பயத்தோடு ஓம் என்று சொன்னதில்லை.

பின்னேரம் ரேடியோ இரைந்தது. தேடப் போன படகு ஒன்றின் எண்ணைச் சொன்னது, பிறகு குரல் மாறியது. காலையிலிருந்து என் காதில் நின்ற அதே குரல், தொண்டை கட்டிப்போய்.

“ஹாபர், கேக்குதா?”

ரேடியோ மேசைக்காரர் மைக்குக்குக் கை நீட்டினார். நான் அதைப் பறித்து அண்ணன்காரரிடம் கொடுத்தேன். அவர் இரண்டு கையாலும் அதைப் பிடித்து, “கேக்குது தம்பி, கேக்குது, கேக்குது” என்று அழுதார். ஒரு சொல்லும் கடலுக்குப் போகவில்லை. பேசும்போது மைக்கின் பொத்தானை அமுக்கிப் பிடிக்க வேண்டும் என்று அவருக்குத் தெரியாது.

“ஹாபர், கேக்குதா?” என்று அவன் மறுபடி கேட்டான்.

அவருடைய விரலின் மேல் என் விரலை வைத்து அமுக்கினேன்.