நானூற்றுப் பன்னிரண்டு போன்கள்

ஜனவரி 8 — 412
ஜனவரி 12 — 409
ஜனவரி 31 — 288
பிப்ரவரி 14 — 171
பிப்ரவரி 28 — 90
மார்ச் 15 — 37
மார்ச் 31 — 11
ஏப்ரல் 7 — 6
ஏப்ரல் 8 —

ஒவ்வொரு தேதிக்கும் எதிரே இருப்பது, மருந்தக்கா எழுதிய செயலி அன்றைக்கு எத்தனை போன்களில் இருந்தது என்ற எண்ணிக்கை. கடைசித் தேதிக்கு எதிரே ஏன் ஒன்றும் இல்லை என்பது தன் இடத்தில் வரும்.

மருந்தக்கா குழந்தைகள் ஆஸ்பத்திரியின் மருந்து கவுன்டரில் பத்தொன்பது வருடமாக நிற்பவள். சம்பளப் பட்டியலில் உள்ள பெயரைச் சொல்லித் தேடினால் வாட்ச்மேனுக்கே அவளைத் தெரியாது. காய்ச்சல் மருந்தை எந்த எடைக்கு எத்தனை மில்லி கொடுப்பது என்று தினமும் நூறு பேருக்குச் சொல்லித் தொண்டை கட்டிப்போனவள், நாற்பத்து மூன்றாவது வயதில் வீடியோ பாடங்களைப் பார்த்துப் பதினோரு மாதம் முட்டி மோதி 'அளவு' என்ற செயலியை எழுதி, எல்லோரும் இறக்கிக்கொள்ளும்படி ஆப் ஸ்டோரில் ஏற்றினாள். குழந்தையின் எடையைப் போட்டால் மில்லி வரும், அவ்வளவுதான். பெயர் கேட்காது, நம்பர் கேட்காது, யாருக்கும் எந்தச் செய்தியும் அனுப்பாது. பிள்ளைக்கு ஜுரம் அடிக்கும்போது பாஸ்வேர்டு கேட்டால் எந்த அம்மா பொறுத்துக்கொள்வாள் என்பது அவள் கட்சி. அதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

ஐந்து அப்டேட் ஒழுங்காகப் போயிற்று. ஆறாவதை டிசம்பர் 29 அன்று அனுப்பினாள். கைக்குழந்தைகளுக்கான காய்ச்சல் சொட்டு மருந்து அதில்தான் புதிதாகச் சேர்ந்தது. சொட்டு மருந்து சின்ன பாட்டிலில் வரும், சிரப்பைவிட நான்கு மடங்கு வீரியம்.

ஜனவரி 8, புதன்கிழமை, காலை பத்தேகால். கவுன்டரில் கூட்டம். நாத்தனார் போன் செய்தாள். அவள் மகனுக்கு எட்டு மாதம், எட்டு கிலோ.

"அண்ணி, உங்க ஆப்ல சொட்டு மருந்து அஞ்சு மில்லின்னு காட்டுது. பாட்டிலே பதினஞ்சு மில்லிதான். மூணு வேளையில காலியாயிடுமே, சரிதானா?"

"குடுத்துட்டியா?"

"இல்ல, கேட்டுட்டுக் குடுக்கலாம்னு."

மருந்தக்கா ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள். தன் போனில் தொட்டுப் பார்த்தாள். சிரப்பைப் பார்த்துவிட்டுச் சொட்டு மருந்துக்கு மாறினால் மேலே மருந்தின் பெயர் மாறியது. கீழே எண் மாறவில்லை. அந்த எண்ணை நம்பி ஒரு நாள் முழுக்கக் கொடுத்தால் குழந்தையின் ஈரல் தாங்காது.

அவள் அந்த நிமிடம் செய்ததைத்தான் யாராக இருந்தாலும் செய்திருப்பார்கள். பத்து நாற்பதுக்கு ஸ்டோரில் தன் கணக்கின் பக்கத்தைத் திறந்து செயலியை அங்கிருந்து எடுத்துவிட்டாள். கெட்டுப்போன மருந்தை அலமாரியிலிருந்து எடுப்பதுபோல எடுத்தாள். பிறகு அரை நாள் லீவு சொல்லி வீட்டுக்கு ஓடினாள். விட்டுப்போனது ஒரே ஒரு வரி. நாற்பது நிமிடத்தில் சரிசெய்து, பத்து எடைகளை இரண்டு மருந்துக்கும் போட்டுப் பார்த்து, ஒன்றேகாலுக்கு ஏழாவது அப்டேட்டை அனுப்பிவைத்தாள்.

வெள்ளிக்கிழமை ஸ்டோரிலிருந்து முதல் கடிதம் வந்தது. ஜனவரி 1 முதல், மருந்தளவு சொல்லும் செயலிகளைப் பதிவுபெற்ற நிறுவனங்கள் மட்டுமே புதிதாக வெளியிடலாம், தனிநபர்கள் கூடாது. ஏற்கெனவே ஸ்டோரில் இருப்பவற்றுக்கு ஜூன் 30 வரை அவகாசம், அதுவரை தடையில்லாமல் அப்டேட் அனுப்பலாம். எடுத்துவிட்டுத் திரும்ப வைப்பது புதிய வெளியீடாகவே கருதப்படும்.

கடைசி வரியை அவள் நான்கு தடவை படித்தாள். எடுக்காமல் இருந்திருந்தால் அப்டேட் போயிருக்கும். ஸ்டோரிலிருந்து எடுத்ததால் போன்களிலிருந்து எதுவும் போய்விடவில்லை. நானூற்றுப் பன்னிரண்டிலும் அந்தத் தப்பான எண் அப்படியே இருந்தது. அதை மாற்ற இருந்த ஒரே வழியை அவளே அடைத்திருந்தாள்.

அவள் கணவர் லிஃப்ட் மெக்கானிக். விஷயத்தை இரண்டு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டார்.

"லிஃப்ட் நின்னுடுச்சுன்னு போர்டு மாட்டிட்ட. புதுசா எவனும் ஏற மாட்டான். உள்ள ஏற்கெனவே இருக்கறவங்களுக்குப் போர்டு எப்படித் தெரியும்?"

"அதத்தான் நானும் சொல்றேன்."

"அவங்க யாரு எவருன்னாவது தெரியுமா?"

"தெரியாது. கேட்கக் கூடாதுன்னு நான்தானே எழுதினேன்."

சாப்பிட்ட தட்டை அவரே கழுவி வைத்தார். கல்யாணமான பதினாறு வருடத்தில் அது மூன்றாவது தடவை.

ஆஸ்பத்திரி நிறுவனம்தானே, அதன் பேரில் அனுப்பலாமே என்று சூப்பரின்டென்டன்டிடம் போனாள். மனிதர் கெட்டவர் இல்லை. முழுவதும் கேட்டார். "ஏம்மா, தப்பா இருக்குன்னு நீயே சொல்ற. அதுல ஆஸ்பத்திரி பேரைப் போடச் சொல்றியே?" என்றார். தப்பை நீக்கத்தான் பேர் வேண்டும் என்று அவள் சொன்னது அவருக்குப் புரிந்தது. கையெழுத்துப் போடத்தான் கை வரவில்லை. கமிட்டிக்கு அனுப்புகிறேன் என்றார். ஜனவரி 20 அன்று ஃபைல் போயிற்று. கமிட்டி கூடும் நாள் ஏப்ரல் 16 என்று அதன்மேல் எழுதி வந்தது.

ஸ்டோருக்கு அவள் எழுதியவை பதினேழு. வந்த பதில்கள் மூன்று. மூன்றையும் அச்செடுத்து ஸ்கேலை வைத்து வரி வரியாக ஒப்பிட்டாள். தேதியைத் தவிர ஒரு எழுத்தும் மாறவில்லை. இது புதிய செயலி இல்லை, குழந்தைகள் சாப்பிடுகிற மருந்து, ஒரே ஒரு வரியை மாற்ற விடுங்கள் என்று கெஞ்சியதற்கும், உங்கள் ஆர்வத்துக்கு நன்றி என்றே வந்தது.

பிறகு கையால் ஆரம்பித்தாள். கவுன்டரில் பெரிய எழுத்தில் நோட்டீஸ் ஒட்டினாள். மருந்துச் சீட்டை நீட்டுகிற ஒவ்வொருவரிடமும் போனைக் காட்டச் சொன்னாள். பிடுங்கிக்கொண்டு ஓடுவாளோ என்று பயந்தவர்கள் உண்டு. பட்டன் போன் வைத்திருந்த ஒரு தாத்தா, "இதுலயும் இருந்தா எடுத்துடு தாயி, எனக்கெதுக்கு" என்று பெருந்தன்மையாக நீட்டினார். இருந்தால் அழித்துவிட்டு நோட்டில் தேதியோடு ஒரு கோடு போடுவாள். சாயங்காலம் ஸ்டோரில் தன் கணக்கின் பக்கத்தில் எண்ணிக்கையைப் பார்ப்பாள். அவள் எட்டு கோடு போட்ட நாளில் எண்ணிக்கை பத்து குறையும். மீதி இரண்டு தாங்களாக அழித்தவர்களா, போனை உடைத்தவர்களா என்று தெரியாது. வார லீவையும் எடுக்கவில்லை. வரிசை நீண்டுபோகிறது என்று இரண்டு புகார் போயிற்று. நாத்தனார் தன் பங்குக்குக் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு தெருத்தெருவாகக் கேட்டு, ஒன்பது போன்களில் அழித்தாள்.

பிப்ரவரி 19 அன்று மதியம் ஒரு பெண் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடிவந்தாள். ஏழு மாதம், காலையிலிருந்து வாந்தி, கண் செருகிக்கொண்டு கிடந்தது. கையில் இருந்த போனில் 'அளவு' திறந்திருந்தது. மருந்தக்கா கவுன்டரை அப்படியே விட்டுவிட்டு டாக்டரிடம் ஓடி, நான்கு மடங்கு என்று மட்டும் சொன்னாள். ரத்தம் எடுத்தார்கள். முடிவு வர ஒரு மணி ஐம்பது நிமிடம் ஆயிற்று. அவ்வளவு நேரமும் லேப் வாசலில் நின்றாள். யாரோ நாற்காலியைக் கொண்டுவந்து போட்டது அவளுக்குத் தெரியவே இல்லை. பயப்படும்படி ஒன்றும் இல்லை, வாந்தி வேறு காரணத்தால் என்று டாக்டர் வந்து சொன்னார்.

"எவ்வளவு குடுத்தே?" என்று அந்தப் பெண்ணிடம் கேட்டாள்.

"ஒரு வேளதான் குடுத்தேன்கா. அதுவும் ஆப் சொன்னதுல பாதி. போன் சொல்றதையெல்லாம் நம்ப முடியுமா?"

மருந்தக்கா அந்தப் பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டு, அந்த ஆப்பை எழுதினது நான்தான் என்றாள். அந்தப் பெண் கையை இழுத்துக்கொண்டாள். குழந்தையைத் தூக்கிக்கொண்டு வார்டுக்குப் போனவள் திரும்பிப் பார்க்கவில்லை. அன்றைய கோடு நோட்டில் கோணலாக இருக்கிறது.

அதற்குப் பிறகு எண்ணிக்கை இறங்கினாலும் அவளுக்குத் தூக்கம் வரவில்லை. தொண்ணூறு என்றால் அவளுக்குத் தொண்ணூறு கைக்குழந்தைகள். பதினொன்று ஆனபோது கணவர், "பெரும்பாலும் உடைஞ்ச போனா டிராயர்ல கெடக்கும். விடேன்" என்றார். ஒரு ஆள் உள்ளே இருக்கிறபோது லிஃப்ட்டை அப்படியே விட்டுவிட்டு வீட்டுக்கு வந்திருக்கிறீர்களா என்று கேட்டாள். வந்ததில்லை என்று ஒப்புக்கொண்டார்.

ஏப்ரல் 7 மாலை ஆறு. நோட்டில் இருந்த கோடுகள் இருநூற்று முப்பத்தொன்று, நாத்தனாரின் ஒன்பதையும் சேர்த்து. மீதி நூற்று எழுபத்தைந்து எப்படிப் போயின என்பது யாருக்கும் தெரியாது. ஆறு மட்டும் மூன்று நாளாக அசையவில்லை. கமிட்டிக்கு இன்னும் ஒன்பது நாள் இருந்தது.

இன்றும் கவுன்டரில் சீட்டை வாங்குமுன் போனைக் காட்டச் சொல்கிறாள். கடைசிக் கோடு விழுந்து வெகு நாளாகிறது. அந்த ஆறு இப்போது ஆறுதானா, ஒன்றா, ஒன்றுமில்லையா என்று பார்ப்பதற்கு அவளுக்கு ஒரு பக்கமும் இல்லை. ஸ்டோரிலிருந்து எடுத்துவிட்ட செயலியைத் தொண்ணூறு நாளுக்குள் விதிப்படி திரும்ப வெளியிடாததால் அவள் கணக்கு மூடப்பட்டது, எண்ணிக்கை உள்ளிட்ட விவரங்களை இனிப் பார்க்க இயலாது என்று சொன்ன ஐந்தாவது கடிதம், ஏப்ரல் 8, செவ்வாய்க்கிழமை, காலை 9.12 மணிக்கு வந்தது.