குடிநீர் என்று நான் சொன்னது

முழங்கால் நோவுக்காக நான் குடிநீர் அவித்துக் குடிக்கத் தொடங்கிச் சில மாதம் ஆகியிருந்தது. தமிழ்க் கடையில் வேரும் பட்டையும் சுக்கும் மல்லியும் கலந்து பொட்டலமாக விற்பார்கள். ஒரு சிறங்கை அள்ளிப் போட்டு, நான்கு கோப்பைத் தண்ணீர் ஒரு கோப்பையாக வற்றும்வரை அவிக்க வேண்டும். பனிக்காலத்தில் ஜன்னலைத் திறக்கவும் முடியாது. மகள் மூக்கைப் பொத்திக்கொண்டு, துறைமுகப் பக்கத்துக் களஞ்சியத்துக்கு வேலைக்குப் போய்விடுவாள்.

வழமையான இரத்தப் பரிசோதனையில் என் ஈரல் சரியில்லை என்று வந்தது. ஆஸ்பத்திரியில் வைத்தியர் பிரெஞ்சுக்காரி. எனக்கு மொழிபெயர்க்க ஒரு சென்னைப் பிள்ளை வந்திருந்தாள். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். படித்தவர்களுக்கு முன்னால் கேட்டதற்கு மட்டும்தான் வாய் திறப்பேன்.

“மாத்திரை தவிர வேற ஏதாவது எடுத்துக்கறீங்களாம்மா?”

“குடிநீர் மட்டும்தான் பிள்ளை.”

அவள் அதைச் சொல்ல, வைத்தியர் சந்தோஷமாகத் தலையாட்டினார்.

“ரொம்ப நல்லதாம். நீங்க சொன்ன குடிநீரை இன்னும் நிறைய குடிக்கச் சொல்றாங்க.”

எனக்குப் பெருமை தாங்கவில்லை. ஒரு நேரம் குடித்ததை மூன்று நேரமாக்கினேன். முணுமுணுத்த மகளிடம், “டொக்டரே சொன்னவ. நீ என்ன கதைக்கிறாய்?” என்றேன்.

அடுத்த முறை இரத்தம் முன்னதைவிட மோசமாக இருந்தது. ஈரலில் ஊசி குத்தி ஒரு துண்டு எடுத்துப் பார்க்க வேண்டுமாம். இந்த வயதில் இரத்தம் நிற்காமல் போகவும் கூடுமாம்.

“அன்னிக்குக் காலைல குடிநீர்கூட குடிக்கக் கூடாதும்மா” என்றாள் பிள்ளை.

“அப்ப முதல் நாளே அவிச்சுக் குடிக்கட்டோ?”

“தண்ணிய எதுக்கும்மா அவிக்கணும்?”

“தண்ணியில்லை பிள்ளை, குடிநீர்.”

“ரெண்டும் ஒண்ணுதானே?”

அப்போதுதான் இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். அவளுடைய ஊரில் குடிநீர் என்றால் குடிக்கிற வெறும் தண்ணீர். எங்களுக்கு அது கசாயம். பிள்ளையின் முகம் வெளுத்துவிட்டது. அவளுடைய வேலைக்கு ஏதும் வந்துவிடுமோ என்று பேசாமல் இருக்கத்தான் நினைத்தேன். ஆனால் பேசாமல் இருந்தால் ஊசி என் ஈரலில் அல்லவா ஏறும்? மத்தியானத்துக்கென்று குடிநீர் ஊற்றிக் கைப்பையில் கொண்டுபோன போத்தலை எடுத்து மேசையில் வைத்தேன். கறுத்த தேத்தண்ணி மாதிரி இருந்தது.

“சொல்லு பிள்ளை. பிழை ரெண்டு பேரிலயும்தான்.”

அவள் சொன்னாள். வைத்தியர் கோபிக்கவில்லை. ஊசியைத் தள்ளிவைத்து, குடிநீரை உடனே நிறுத்தச் சொன்னார். பொட்டலத்தோடு மறுகிழமை வரச் சொன்னார். நான் போன அன்றைக்கு ஆய்வுகூடத்திலிருந்து ஒரு பெடியன் சின்னத் தராசோடு வந்திருந்தான். எவ்வளவு போடுவேன் என்று கேட்டான்.

“ஒரு சிறங்கை.”

மூன்று தரம் அள்ளிக் காட்டச் சொன்னான். மூன்றும் மூன்று நிறை. பிள்ளைக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

“இதுல எதும்மா உங்க சிறங்கை? பசியில அள்ளுனதா, சாப்பிட்டு அள்ளுனதா?”

“மூண்டும் என்ர கைதானே!”

அவன் சிரிக்காமல் மூன்றையும் எழுதிக்கொண்டான். ஒவ்வொரு வேரையும் தனித்தனியாக அவித்து, கண்ணாடித் தட்டில் வளர்க்கும் ஈரல் உயிரணுக்களில் விட்டுப் பார்ப்பார்களாம். அணு சாகிறதா, எவ்வளவு விட்டால் சாகிறது என்று எண்ணுவார்களாம். நான் ஆறு மாதம் என் உடம்பிலேயே செய்து பார்த்த சோதனையை அவர்கள் தட்டில் செய்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

பனி கரையும் நேரத்தில் முடிவு வந்தது. மல்லியும் சுக்கும் மற்றவையும் நான் போடும் அளவில் ஒன்றும் செய்யவில்லை. ஒரு வேர் மட்டும் பொட்டலத்தில் எழுதியிருந்த வேரே இல்லை. பார்வைக்கு அதைப் போலவே இருக்கும் வேறொன்று. அதுதான் அணுக்களைக் கொன்றது. எங்கள் மருந்து கூடாது என்று அவர்கள் சொல்லவில்லை. எது, எவ்வளவு, எத்தனை நாள் என்று தெரியாமல் குடிக்காதே என்றுதான் சொன்னார்கள்.

என் இரத்தப் பரிசோதனையில் ஈரல் கணக்கும் இறங்கி வந்திருந்தது. ஊசி வேண்டாம் என்றார் வைத்தியர். வீட்டுக்கு வந்து வலது விலாவின் கீழே கையை வைத்து அழுத்திப் பார்த்தேன். நோகவில்லை. அந்த ஆறு மாதமும்கூட அது நொந்ததில்லை. இப்போது நினைத்தாலும் அதுதான் எனக்குப் பயம்.