இரண்டு ஆள் மெஷின்

இது எனக்கு நடந்தது. நம்பித்தான் ஆக வேண்டும் என்று யாரையும் வற்புறுத்த மாட்டேன். நானே என்னை முழுதாக நம்புகிற ஆள் இல்லை. அடுப்பை அணைத்தேனா என்று பாதி வழியில் திரும்பி வருகிற ரகம். ஆனால் என்னிடம் ஒரு நோட்டு இருக்கிறது. எந்த வேலையைத் தொட்டாலும் நேரம் போட்டு அதில் எழுதிவிடுவேன். இங்கே வருகிற நேரங்கள் எல்லாம் அந்த நோட்டில் உள்ளவை. ஒரு நிமிஷம்கூட நான் கூட்டவோ குறைக்கவோ இல்லை.

பகலில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கும் வேலை. மாலை ஆறரையிலிருந்து எட்டரை வரை கம்ப்யூட்டர் ரிப்பேர் வகுப்பு. வகுப்பின் முடிவில் ஒரு செய்முறைத் தேர்வு. ஜோடிக்கு ஒரு பழைய மெஷின் தருவார்கள். அதில் புதிய சிஸ்டத்தை ஏற்றி ஓட வைக்க வேண்டும்.

"இந்த மெஷின்ல இது ஓடாதுன்னு செஞ்சவனே எழுதி வெச்சிருக்கான். ஓட வைக்கிறதுதான் உங்க பரீட்சை," என்றார் சார்.

எனக்கு ஜோடியாக வாய்த்தவர் கண்டக்டர் அண்ணன். நாற்பத்தெட்டு வயது. இருபத்தைந்து வருஷம் பஸ்ஸில் நின்றே முழங்கால் இரண்டும் தேய்ந்துவிட்டன. கம்ப்யூட்டர் சர்டிபிகேட் இருந்தால் டிப்போ ஆபீஸில் உட்கார்ந்து பார்க்கிற வேலை தருவதாகச் சொல்லியிருந்தார்களாம். அதற்காகத்தான் வந்தார். ஒரு ஃபோல்டரைத் திறக்க மவுஸை நாலு தரம் தட்டுவார்.

எங்களுடையது பதினொன்றாம் நம்பர் மெஷின். பெட்டிகள் எல்லாம் பின்னறையில், இரும்பு ரேக்கில் பூட்டியிருக்கும். திரையும் கீபோர்டும் மட்டும் முன்னறை மேஜையில். நடுவில் இருந்த பலகைத் தடுப்பில் ஒரு ஓட்டை போட்டு கேபிளை இழுத்து ஆணியடித்திருந்தார்கள்.

சிஸ்டத்தை ஏற்றினோம். முடிந்தது என்றுகூடத் திரையில் வந்தது. அணைத்துவிட்டு மறுபடி போட்டால் ஒன்றுமில்லை. கறுப்புத் திரை. இடது மூலையில் ஒரு சின்னக் கோடு மட்டும் மினுக் மினுக்கென்று.

சரி செய்ய வேண்டுமானால், மெஷின் எழும்போதே கீபோர்டில் எஃப் பன்னிரண்டை அழுத்தி மெனுவைத் திறந்து, பென் டிரைவ் வழியாக உள்ளே போக வேண்டும். உள்ளே விசிறி சுற்றத் தொடங்கியதற்கும் திரையில் எழுத்து வருவதற்கும் நடுவே இரண்டே நொடி. அதற்குள் அழுத்த வேண்டும். முன்னாலேயே அழுத்தி வைத்திருந்தால், கீபோர்டு பழுது என்று பீப் அடித்து நின்றுவிடும். உள்ளிருந்த பேட்டரி செத்துப்போனதால் அது எதையும் நினைவில் வைத்துக்கொள்ளாது. ஒவ்வொரு தடவையும் அதனிடம் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

கீபோர்டிலிருந்து ரீஸ்டார்ட் கொடுத்தால் அணைந்துதான் போகும்; பட்டனை அழுத்தினால்தான் எழும். ஆகவே இரண்டு ஆள் வேலை. நான் பின்னறையில் பவர் பட்டனுக்கு. அவர் முன்னறையில் கீபோர்டுக்கு.

"நீ டிரைவர், நான் கண்டக்டர். எப்படி அமைஞ்சிருக்கு பாத்தியா, டிரைவரம்மா?" என்பார்.

"போடவா அண்ணே?" என்று நான் பின்னறையிலிருந்து கத்துவேன். மேஜையில் மோதிரத்தால் இரண்டு தட்டு கேட்கும். டக்... டக். பஸ்ஸின் பக்கவாட்டுத் தகரத்தில் தட்டிப் பழகிய கை. கேட்டதும் பட்டனை அழுத்துவேன். பத்துக்கு ஏழு தடவை அவர் நேரத்தைத் தவறவிடுவார்.

"என்னண்ணே, மறுபடியும் விட்டுட்டீங்களா?"

"பஸ்ஸை விட்டுட்டு நிக்கிற ஆளுங்களைப் பாத்து எவ்வளவு சிரிச்சிருப்பேன்! அதான் இப்ப அனுபவிக்கிறேன்."

சுற்றி இருப்பவர்கள் சிரிப்பார்கள். எனக்கு எரிச்சல் வரும். ஒரு வியாழக்கிழமை சாரை வாசலில் நிறுத்தி, "வேற ஜோடி போட்டுக் குடுங்க சார். இவரை வெச்சுக்கிட்டு நான் ஃபெயிலாயிடுவேன்," என்று சொல்லிவிட்டேன். திரும்பினால் இரண்டு டீ கிளாஸோடு அவர் நிற்கிறார். காதில் விழுந்ததா, இல்லையா... முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

"ஆறிடும், குடி," என்று ஒரு கிளாஸை நீட்டினார்.

சனிக்கிழமை ராத்திரி, தூக்கத்திலேயே போய்விட்டார். மாரடைப்பு.

ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் இருந்தவர்கள் எல்லாரும் துக்கம் கேட்கப் போனோம். அவர் மனைவி என் கையை இறுகப் பிடித்துக்கொண்டார்.

"நீதான் டிரைவரம்மாவா? பரீட்சை என்னம்மா ஆச்சு? அவர் பாஸ் பண்ணிட்டாரா?"

"பாஸ்தான் அக்கா. சர்டிபிகேட்டை நானே கொண்டாந்து தரேன்."

வாய் தவறி வந்த பொய் இல்லை. தெரிந்துதான் சொன்னேன். அதை நிஜமாக்க எனக்கு ஐந்து நாள் இருந்தது.

திங்கட்கிழமை சார் கூப்பிட்டார். "வெள்ளிக்கிழமை கடைசி நாள். வேற யாரையாவது சேத்துக்கோ. பேரை மாத்திடலாம்."

"பேரை மாத்தாம யாராவது கூட நின்னா?"

"யார் கை வெச்சாங்களோ அவங்க பேரைத்தான்மா எழுத முடியும்."

"அப்ப நான் தனியாவே பண்றேன் சார்."

"அது ரெண்டு ஆள் மெஷின்மா."

எனக்குத் தெரியாதா?

மற்ற ஜோடிகள் முடித்துவிட்டார்கள். அந்த வாரம் அந்த அறையில் நான் மட்டும். சாவியும் என்னிடம்தான். பட்டனிலிருந்து கீபோர்டுக்குப் பதினொரு எட்டு. அழுத்திவிட்டு ஓடுவேன். எவ்வளவு ஓடினாலும் நான்கு நொடி ஆனது. திங்கள் ஒன்பது முயற்சி. செவ்வாய் பன்னிரண்டு. செருப்பைக் கழற்றிவிட்டு ஓடிப் பார்த்தேன். வழுக்கி விழுந்து முட்டி பெயர்ந்ததுதான் மிச்சம். இன்னொரு கீபோர்டைப் பெட்டியிலேயே செருகலாம் என்றால், ரேக் சுவரோடு ஒட்டியிருந்தது. பின்பக்கம் கை போகாது. முன்பக்கத்தில் இருந்த ஒரே துளை பென் டிரைவுக்கு.

செவ்வாய்க்கிழமைதான் முதலில் கவனித்தேன். ஓடுவதற்கு வழி வேண்டும் என்று அவருடைய ஸ்டூலை மேஜைக்கு அடியில் தள்ளி வைத்திருந்தேன். பின்னறையிலிருந்து வந்தால், அது ஒரு சாண் வெளியே இருந்தது. என் கால் பட்டிருக்கும் என்று நினைத்தேன். நோட்டில் எழுதவில்லை.

புதன், 6:58. மறுபடியும் ஒரு சாண். இந்தத் தடவை எழுதினேன்.

புதன், 7:31. பத்தாவது முயற்சி. தோற்றுப்போன அலுப்பில் கீபோர்டின் மேல் கையை வைத்தேன். எல்லா விசைகளும் சில்லென்று இருந்தன. எஃப் பன்னிரண்டு மட்டும் வெதுவெதுப்பாக... யாரோ வெகுநேரம் விரல் வைத்திருந்தது போல.

என் கைச்சூடாக இருக்கும். அப்படித்தான் எழுதி வைத்திருக்கிறேன். பக்கத்தில் ஒரு கேள்விக்குறி.

வியாழன். 7:04, தோல்வி. 7:11, தோல்வி. அதோடு மொத்தம் முப்பத்து மூன்று. மூச்சு வாங்கியது. ரேக்கின் இரும்பில் நெற்றியை வைத்துக்கொண்டு நின்றேன். அந்த அக்கா கேட்டதும், நான் சொன்ன பதிலும் காதில் ஓடிக்கொண்டே இருந்தன. கை தானாகப் பட்டனுக்குப் போனது. பழக்கதோஷம்... வாயும் தானாகக் கேட்டுவிட்டது.

"போடவா அண்ணே?"

கேட்ட பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

முன்னறையிலிருந்து...

டக்... டக்.

விரல் பட்டனை அழுத்திவிட்டது. நான் அழுத்தவில்லை. விரல் அழுத்தியது.

விசிறி சுற்றியது. நான் ஓடவில்லை. கால் நகர்ந்தால்தானே?

ஒன்று... இரண்டு...

கேபிள் ஓட்டை வழியாக நீல வெளிச்சம் வந்தது.

கறுப்பு இல்லை. நீலம். மெனு மட்டும்தான் நீலம்.

பதினொரு எட்டு. எண்ணிக்கொண்டே நடந்தேன். அறையில் யாரும் இல்லை. ஸ்டூல் முழுதாக வெளியே இருந்தது. திரையில் மெனு திறந்திருந்தது. செத்த பேட்டரியோடு எப்போதும் பூஜ்யம் பூஜ்யம் என்றே காட்டும் கடிகாரம்... 7:19.

என் கைக்கடிகாரத்திலும் 7:19.

அப்போதே ஓடியிருக்க வேண்டும். ஆனால் மறுநாள் வெள்ளிக்கிழமை. அந்த ஸ்டூலைப் பார்க்காமல் என்னுடையதில் உட்கார்ந்தேன். பென் டிரைவ் வழியாக உள்ளே போனேன். அரை மணி நேரம் போராடியிருந்தால் என்றோ கண்டிருக்கக்கூடிய கோளாறுதான். மெஷின் பழசு. எழுவதற்கு வேண்டிய கோப்பை ஒரே ஓர் இடத்தில்தான் அதற்குத் தேடத் தெரியும். புது சிஸ்டம் அதை வேறு இடத்தில் வைத்திருந்தது. அதை எடுத்து, மெஷின் தேடுகிற இடத்தில் வைத்தேன். பெயரை மாற்றினேன். இன்னும் இரண்டு தடவை மெனு வழியாகப் போக வேண்டியிருந்தது.

7:41. பின்னறை. "போடவா அண்ணே?"

டக்... டக். மெனு திறந்தது.

7:58. "போடவா அண்ணே?"

டக்... டக். மெனு திறந்தது.

அன்றைக்கு அவர் ஒரு தடவைகூடத் தவறவிடவில்லை.

8:06. பட்டனை அழுத்திவிட்டு முன்னறைக்கு வந்தேன். பதினொன்றாம் நம்பர் மெஷின் மெனு இல்லாமலே தானாக எழுந்தது. திரை வெளுத்தது. பெயர் கேட்டது.

"அண்ணே... கிளம்பிடுச்சு," என்றேன்.

சத்தமில்லை.

"அன்னைக்கு வாசல்ல நான் சார்கிட்ட சொன்னது... உங்க காதுல விழுந்துச்சா?"

சத்தமில்லை.

பிறகு...

கிரீச்...

ஸ்டூல்.

முட்டி வலிக்கிற ஆள், மேஜையில் கையை ஊன்றி, மெல்ல எழுந்தால் வருமே... அந்தச் சத்தம்.

எழுந்தேன். மெஷினை அணைத்தேனா என்று நினைவில்லை. பையை எடுத்தேன். மற்ற நாட்களில் "வாங்கண்ணே, கிளம்பலாம்" என்பேன். பஸ் ஸ்டாப் வரை சேர்ந்துதான் நடப்போம். அவர் போன பிறகும், புதன்வரை, பழக்கத்தில் அது தானாக வாயில் வந்தது.

அன்று வாய் வரவில்லை.

வெளியே பாய்ந்தேன். கதவை இழுத்தேன். பூட்டினேன்.

உள்ளேயிருந்து கதவில்...

டக்.

ஒரே ஒரு தட்டு.

இரண்டு என்றால் போகலாம். ஒன்று என்றால் நிறுத்து, ஆள் இறங்கணும். அவர்தான் எனக்குச் சொல்லித் தந்தார்.

தெரிந்தும் ஓடினேன்.

மறுநாள் சார் உள்ளே போய் விளக்கைப் போடும்வரை வாசலிலேயே நின்றேன். மூன்று தடவை போட்டுப் பார்த்தார். மூன்று தடவையும் எழுந்தது.

"யாரும் உதவிக்கு வரலையே? எப்படிம்மா மெனுவைத் திறந்தே?"

"அண்ணனும் நானும்தான் சார் பண்ணினோம்."

சார் மெஷினைத் திரும்பிப் பார்த்தார். பிறகு பேனாவை எடுத்து இரண்டு பேரையும் எழுதினார்.

சனிக்கிழமை ஒரு லாரி வந்தது. தேர்வு முடிந்த மெஷின்கள், மேஜைகள், ஸ்டூல்கள் எல்லாவற்றையும் ஏற்றினார்கள். அறை துடைத்து விட்டது போல் ஆகிவிட்டது. எங்கே போகிறது என்று கேட்டேன். "மொத்தமா வாங்குறவன். எந்தெந்த ஊர்ல பிரிச்சு விப்பானோ, யாருக்குத் தெரியும்?" என்றார் சார்.

திங்கட்கிழமை கடையில் அனுமதி கேட்டு, சர்டிபிகேட்டோடு அவர் வீட்டுக்குப் போனேன். அக்கா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, அச்சடித்த அவர் பெயரை விரலால் தடவினார். வெகுநேரம் தடவினார்.

"அந்தப் பொண்ணு கெட்டிக்காரி, நான்தான் அவளுக்கு லக்கேஜுன்னு சொல்லிச் சிரிப்பார். போன வெள்ளிக்கிழமைக்கு முந்தின வெள்ளிக்கிழமைகூடச் சொன்னார்," என்றார்.

நான் வாசலில் பேசியதற்கு மறுநாள் அது. என்னால் தலையை நிமிர்த்த முடியவில்லை.

"ஒண்ணு சொல்லட்டுமாம்மா? பைத்தியம்னு நினைக்காதே."

"சொல்லுங்கக்கா."

"அவர் போனதுக்கப்புறம் திங்கக்கிழமையிலேருந்து, சாயங்காலம் அஞ்சு அம்பதுக்கு இந்த வாசக்கதவுத் தாழ்ப்பா தானா விலகும். அவர் கிளாஸுக்குக் கிளம்புற நேரம் அது. ஒம்பது மணிக்கு மறுபடி விழும். எனக்குப் பயமே இல்லம்மா. அந்தச் சத்தம் கேட்டாத்தான் தூக்கமே வரும்."

என் கண் தாழ்ப்பாளுக்குப் போனது.

"வியாழக்கிழமையும் விலகிச்சு."

நிறுத்தினார்.

"ஒம்பதாச்சு... பத்தாச்சு... விழவே இல்ல. விடிஞ்சதும் நான்தான் எழுந்து போட்டேன். அதுக்கப்புறம் அது விலகவும் இல்ல."

என் முகத்தைப் பார்த்தார். கோபம் இல்லை. பிள்ளையைப் பள்ளிக்கூடத்திலிருந்து கூட்டிவரப் போன ஆள் தனியாகத் திரும்பி வந்தால் கேட்பது போலக் கேட்டார்.

"அன்னைக்கு அவரை எங்கம்மா விட்டுட்டு வந்தே?"

சுவர்க் கடிகாரத்தில் 5:49.

இருவரும் தாழ்ப்பாளையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

5:50.

5:51.

அது அசையவில்லை.