இலவமரத்துக்குக் காவல்

சித்தப்பாவை நான் ஒன்பது வயதிலேயே சந்தேகப்பட ஆரம்பித்துவிட்டேன். அவர் செய்த குற்றம், கடையில் பெருங்காயம் வாங்கியது.

ஏற்காட்டில் ஒரு லாட்ஜுக்கு அப்பா மேனேஜர். அறை கூட்டுவது, படுக்கை விரிப்பது எல்லாம் சித்தப்பா. பின்கட்டில் எங்கள் குடித்தனம். முன்வாசலில் ஓர் இலவமரம். வருஷமெல்லாம் சாதுவாக நிற்கும் அந்த மரம், சீசனுக்குச் சனம் மலையேறும் நேரம் பார்த்துத்தான் காய் வெடிக்கும். விதையும் பஞ்சுமாகப் பறந்து தலையணையில் ஒட்டும், காபி டம்ளரில் மிதக்கும். போன சீசனில் ஒருவர் தும்மித் தும்மியே அறையைக் காலி செய்துவிட்டுப் போனார். சேலத்திலிருந்து வந்த முதலாளி, அடுத்த சீசனில் பஞ்சு பறந்தால் மரத்தையே வெட்டிவிடுவேன் என்று சொல்லிவிட்டார்.

அந்த மரத்தில்தான் என் ஊஞ்சல் தொங்கியது. வெட்டுவதாம்! எனக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை.

அம்மா கலங்கவில்லை. அக்காவுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. சீர்மெத்தைக்கும் தலையணைக்கும் இந்த மரத்துப் பஞ்சுதான் என்பது அவள் முடிவு. முற்றிய காயை வெடிப்பதற்குள் பறித்துவிட்டால் மெத்தையும் ஆச்சு, மரமும் பிழைக்கும் என்றாள். சித்தப்பாதான் முணுமுணுத்தார். பஞ்சைக் கூட்டிக் கூட்டி இடுப்பொடிந்தவர் அவர். இந்தச் சனியன் பட்டுப்போனால் தேவலை என்று ஒருமுறை அவர் சொன்னதை என் காதால் கேட்டிருக்கிறேன்.

தை மாதம். மரம் இலையைக் கொட்டிவிட்டுப் பூவாக நின்றது. அப்போதுதான் சித்தப்பா உள்ளங்கை அகலத்துக்குப் பெருங்காயக் கட்டி வாங்கிவந்தார். எதற்கு என்று கேட்டேன்.

"உனக்கெதுக்கு கண்ணு அதெல்லாம்? போய்ப் படி."

மரத்தில் ஓட்டை போட்டுப் பெருங்காயம் வைத்தால் பட்டுப்போகும் என்பது எங்கள் பள்ளிக்கூடத்தில் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரியும். ஓடிப்போய் அடிமரத்தைப் பார்த்தேன். ஒன்றன்மேல் ஒன்றாக ஓட்டைகள்! வெந்நீர் அடுப்புக்குப் பின்னால், எரிக்கக் குவித்திருந்த காப்பிக்கொட்டைத் தொலிக்கு அடியில் ஒரு கூடை இலவம்பூ. மரம் செத்துக்கொண்டிருக்கிறது, ஆள் தடயத்தை மறைக்கிறார். துப்பறிய இதற்குமேல் என்ன வேண்டும்?

மறுநாள் விடியலில் ஸ்வெட்டரை மாட்டிக்கொண்டு தண்ணீர்ப் பீப்பாய்க்குப் பின்னால் உட்கார்ந்தேன். பனிமூட்டத்துக்குள்ளிருந்து சித்தப்பா வந்தார். ஓட்டைகளில் மரஆப்பைச் செருகி, அதில் கால்வைத்து ஏறி, மூங்கில் கழியால் பூவைத் தட்ட ஆரம்பித்தார். நான் போட்ட கூச்சலில் அம்மா துடைப்பத்தோடு ஓடிவந்தாள்.

"ஏந்தம்பி, எம்புள்ள மெத்தை மேல உங்களுக்கு என்ன காந்தல்?"

சித்தப்பா இறங்கினார். "அப்படியில்லீங்க அண்ணி. உச்சிக் கெளை ஆளைத் தாங்காது. காயை அறுத்துத்தான் எடுக்கோணும், பூவுன்னா தட்டுனா உதுந்துரும். இப்பவே உதுத்துட்டாத்தான் மரம் பொழைக்கும். மெத்தைக்குப் பஞ்சு சேலத்துல வாங்கிக்கலாமுங்க. சொன்னா நீங்க உடமாட்டீங்கன்னுதான்..."

அம்மாவின் துடைப்பம் மெல்லத் தாழ்ந்தது. அவள் அண்ணாந்து உச்சிக்கிளையைப் பார்த்தாள். அய்யோ, மசிகிறாளே என்று எனக்குப் பதறியது.

"பொய்யிம்மா! பெருங்காயம் வாங்கியிருக்காரு! ஓட்டையப் பாரு!"

பெருங்காயம் லாட்ஜ் ஊறுகாய்க்கு என்றும் ஓட்டை கால்வைக்க என்றும் சித்தப்பா சொன்னதை யார் கேட்டார்கள்? அம்மாவின் முகம் இறுகிவிட்டது.

"இனி இந்த மரத்தைத் தொடமாட்டேன்னு சேர்வராயன் மேல சத்தியம் பண்ணுங்க."

சித்தப்பா என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு கோயில் இருக்கும் உச்சிப்பக்கம் திரும்பிச் சத்தியம் செய்தார். அந்தச் சாமிமேல் செய்த சத்தியத்தை எங்கள் மலையில் யாரும் மீறமாட்டார்கள். இருந்தாலும் எனக்கு நம்பிக்கை இல்லை. பூ காயாகும்வரை தினமும் கையில் குச்சியோடு மரத்தைச் சுற்றிவந்தேன்.

பங்குனியில் அம்மா ஆள் வைத்துக் காய் பறித்தாள். எட்டிய கிளைகளில் இரண்டு மூட்டை தேறியது. மெத்தை ரொம்ப நன்றாகவே வந்தது. உச்சிக்கு ஏற எவனும் துணியவில்லை. சித்திரையில் உச்சி வெடித்தது. முதலாளியின் கார் வந்து நின்றபோது வாசலெல்லாம் வெள்ளையாகப் பறந்துகொண்டிருந்தது.

அப்பா கையைப் பிசைந்தார். சித்தப்பாதான் முன்னால் போனார்.

"ஒரே ஒரு வருசம் பொறுங்க மொதலாளி. அடுத்த தையில பூவுலயே தட்டிப்புடறேனுங்க. ஒரு காய் புடிக்காது."

"அது தெரிஞ்சவன் இந்தத் தையில என்னய்யா பண்ணிட்டிருந்த?"

நானும் அம்மாவும் கதவோரம் நின்றிருந்தோம். சித்தப்பா எங்கள் பக்கம் திரும்பவே இல்லை.

"கை சுளுக்கிக்கிச்சுங்க. ஏற முடியல."

மறுநாள் ரம்பத்தோடு ஆள் வந்தது. மரம் சாயச் சாய நான் வாய்விட்டு அழுதேன். சித்தப்பா தூக்க வந்தபோது அவர் கையைத் தட்டிவிட்டேன். அந்தக் கை சுளுக்கவே இல்லை என்று எனக்குத் தெரியும். இத்தனை பெரிய பொய்யைப் பக்கத்தில் நின்று கேட்ட அம்மா ஏன் ஒரு வார்த்தை பேசாமல் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள் என்பதுதான் எனக்கு விளங்கவில்லை.