பூஜை நாளில் போன பிரேக்

எங்கள் பழைய வேனின் பிரேக்கை அந்த வருடம் மூன்று முறை சரிசெய்தாகிவிட்டது. ஒரு வாரம்கூடத் தாங்காது. நாலாம் முறை ஹவுரா பட்டறைக்குப் போனபோது அங்கே விஸ்வகர்மா பூஜை, கருவிகளைத் தொடாத நாள். ஸ்பேனர்களுக்கெல்லாம் பூ வைத்திருந்தார்கள். "ஆஜ் நா, தாதா. இன்னிக்கு வேண்டாம் அண்ணா, நாளைக்கு வாங்க" என்று மெக்கானிக் கைகூப்பினார்.

அப்பாவுக்குக் கோபமே வரவில்லை. ஆயுத பூஜையன்று எங்கள் வீட்டில் கத்தரிக்கோலைக்கூடத் தொடமாட்டோம். "அவர் சொல்றது நியாயந்தானே. மெதுவா ஓட்டிண்டு போயிடலாம்" என்று கிளம்பினார்.

பாலத்து இறக்கத்தில் பிரேக் பிடிக்கவில்லை. முன்னால் கைவண்டி இழுத்துப்போனவரின் கால் எங்கள் வேன் சக்கரத்தில் மாட்டியது. ஆஸ்பத்திரியில் முழங்காலுக்குக் கீழே காலை எடுத்துவிட்டார்கள்.

இன்றும் கேட்டுக்கொள்கிறேன்: ஸ்பேனரைத் தொடக்கூடாத நாளில் ஸ்டியரிங்கை மட்டும் தொடலாம் என்று எங்களுக்கு யார் சொன்னது?