துண்டுக்குள் மூன்றாவது கை

காட்பாடியில் ரயிலைவிட்டு இறங்கியதிலிருந்தே தேவசகாயம் பின்தங்கிப் பின்தங்கி நடந்தான். காலையில் குடித்த கூழ் ஒத்துக்கொள்ளவில்லை என்று முதலாளியிடம் சொல்லிவைத்தான். உண்மையான காரணம் வேலூரில் ஒரு கொட்டகைக்குள் நின்றுகொண்டிருந்தது. கறுப்பு நிறம், பித்தளை விளக்குகள், ஏழு பேர் கால் நீட்டி உட்காரும் அகலம்.

முதலாளி மக்பூல் அகமதுவுக்கு ஆம்பூரில் தோல் பதனிடும் டேனரி சொந்தமாக இருந்தது. அவருடைய மகள் ஜஹீதா ஆலங்காயத்தில் புகுந்த வீட்டில் இருந்தாள். தலைப்பிரசவம். ஏழாம் மாதத்துக்குள் பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைத்து வர வேண்டும், அதுவும் மாட்டு வண்டியில் குலுக்காமல் காரில் கொண்டுவர வேண்டும் என்று அவர் தீர்மானித்துவிட்டார். ஒரு ஜமீன் வீட்டுக் கார் விலைக்கு வந்திருக்கிறது என்று கேட்ட நாளிலிருந்து வேறு எந்தக் காரும் அவர் கண்ணுக்குத் தெரியவில்லை.

தேவசகாயம் அதுவரை டேனரியில் எண்ணெய் இன்ஜினைப் பார்த்துக்கொண்டிருந்தவன். கார் வந்தால் அவன்தான் டிரைவர் என்று பேச்சு. காக்கிச் சட்டைக்குத் துணிகூட எடுத்தாகிவிட்டது. கார் வராவிட்டால் பழையபடி இன்ஜின், பழையபடி புகை.

அவனுக்கு வண்டி ஓட்டத் தெரியும், லைசென்ஸும் இருந்தது. அதற்கு முன்னால் வாணியம்பாடியிலிருந்து ஆலங்காயம் போகும் பஸ்ஸில் அவன் கிளீனராக இருந்தான். அந்த வழியில் காட்டோரமாக ஓர் ஏற்றம் உண்டு. ஏற்றத்தில் பஸ் திணறினால் கிளீனர் குதித்து ஓடி, பின்சக்கரத்துக்கு அடியில் கட்டை வைக்க வேண்டும். ஒரு மழைநாளில் அவன் வைத்த கட்டை பிளந்துகொண்டது. பஸ் பின்னாலேயே சறுக்கி, பள்ளத்தின் விளிம்பில் நின்ற ஒரு மரத்தில் மோதி நின்றது. யாரும் சாகவில்லை. ஆனால் சறுக்கிய அந்த நேரத்தில் உள்ளே இருந்த ஜனங்கள் எழுப்பிய ஓசை அவன் காதைவிட்டுப் போகவில்லை. அது அலறல்கூட இல்லை. எல்லோரும் ஒரேயடியாக மூச்சை உள்ளே இழுத்த ஓசை.

அதற்குப் பிறகு புளியமர வேரில் தானே ஒரு கட்டை செதுக்கிக்கொண்டான். அக்கா சவுரியம்மாள் பழைய கூடாரத் துணியில் அதற்குப் பை தைத்துக் கொடுத்தாள். எங்கே போனாலும் பை தோளில் தொங்கும். டேனரியில் அவனுக்குப் பெயரே கட்டை தேவசகாயம் என்று ஆகிவிட்டது. இன்றைக்கும் அந்தப் பை அவன் தோளில்தான் இருந்தது.

ரயிலில் வரும்போதே கேட்க வேண்டியவற்றை மனத்துக்குள் உருப்போட்டிருந்தான். வண்டியை ஏன் விற்கிறார்கள்? இதுவரை யார் ஓட்டினார்கள்? மழைக்காலத்தில் எங்கே நின்றது? ஏதாவது உடைந்தால் சாமான் எங்கே கிடைக்கும்? சரிவில் நிறுத்தினால் நிற்குமா? நாக்கு ஒட்டாமல் கேட்டுவிட வேண்டும் என்று மாதாவை வேண்டிக்கொண்டான்.

கொட்டகை வாசலில் ஏஜெண்டு ரத்தினசாமி கோட்டுப் போட்டுக்கொண்டு நின்றிருந்தார். ஜமீனுக்காக விற்றுக் கொடுப்பவர் அவர்தான். முதலாளியின் கூட்டாளி ஆபித் பாஷா மேல்விஷாரத்திலிருந்து முன்னமே வந்து காத்திருந்தார்.

"வாங்க சாயபு, வாங்க. இன்னா இவ்ளோ லேட்டு? வண்டி உங்களுக்காக ஏங்கிப்போச்சு!"

தேவசகாயம் முதல் வேலையாக இன்ஜின் மூடியின்மேல் உள்ளங்கையை வைத்தான். சுட்டது. யாரோ காலையிலேயே ஓட்டிச் சூடேற்றி வைத்திருக்கிறார்கள். குளிர்ந்த இன்ஜின் எப்படிக் கிளம்பும் என்பதை இனி இன்றைக்குப் பார்க்க முடியாது.

"ஏங்க, இந்த வண்டிய ஏன் விக்கிறாங்க?" என்று மெதுவாகக் கேட்டான்.

ரத்தினசாமி அவனைப் பார்க்கவில்லை. முதலாளியைப் பார்த்துச் சிரித்தார். "ராஜா வீட்டுல வண்டிங்க ஜாஸ்தி சாயபு. நிறுத்த எடம் இல்ல."

"இதுக்கு முன்ன ஓட்டுனவர் எங்க இருக்கார்?"

"ஊருக்குப் போய்ட்டான். இன்னா சாயபு, டிரைவரக் கூட்டினு வந்தீங்களா, போலீசக் கூட்டினு வந்தீங்களா?"

மக்பூல் அகமது சிரித்துவிட்டார். அவர் கவனம் அங்கே இல்லை. கதவைத் திறந்து, பின்சீட்டின் தோலை இரண்டு விரலால் கிள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆபித் பாஷா மறுபக்கம் ஏறி உட்கார்ந்து, மூக்கைச் சீட்டில் வைத்து மோந்தார்.

"அரே பாய், இது சீமைத் தோலு. பத்து வருசம் ஆவுதுன்னா நம்ப முடியுதா? ஒரு வெடிப்பு காட்டு பாக்கலாம்!"

"கத்திக் காயம் ஒண்ணு இல்ல. உண்ணிக் கடி இல்ல. ஒரே மாட்டுல ரெண்டு சீட்டும் வெட்டியிருக்கான், பாருங்க பாய், ரேகை சேர்ந்தாப்ல ஓடுது," என்றார் மக்பூல் அகமது.

"மேல் கூரைக்கு வார் எவ்ளோ மெத்துன்னு இருக்கு! மசகு வெச்சே காப்பாத்தியிருக்கான்."

"இப்படித் தோலப் பாத்துக்கினவன் இன்ஜினப் பாத்துக்காமயா இருப்பான்?"

இருவரும் பிறந்ததிலிருந்து தோலில் புரண்டவர்கள். தோல் நன்றாக இருந்தால் சரக்கு நன்றாக இருக்கிறது என்பதுதான் அவர்களுக்குத் தெரிந்த கணக்கு. கதவு மடக்கில் இருக்கும் தையலைக்கூட நகத்தால் நெருடிப் பார்த்தார்கள். டிரைவர் இடத்தின் பக்கம் ஒருவர் கண்ணும் போகவில்லை.

தேவசகாயம் அங்கே குனிந்தான். பிரேக்கைக் கையால் அழுத்தினான். எதிர்ப்பே இல்லாமல் அடிப்பலகையைப் போய்த் தொட்டது. கைப்பிரேக்கை இழுத்தான், அது மார்பு வரைக்கும் வந்தது. மிதிபலகை இடுக்கில் வெள்ளையாக மாவு போலப் பொடி சிந்தியிருந்தது. விரலில் எடுத்துத் தேய்த்துப் பார்த்தான்.

அந்தப் பொடி அவனுக்குத் தெரிந்ததுதான். இன்ஜினின் ஓட்டத்தைச் சக்கரத்துக்குச் சேர்ப்பது கிளச்சு. அந்தக் காலத்துப் பெரிய கார்களில் அதற்குத் தோலால் வார் போட்டிருப்பார்கள். அந்தத் தோல் எண்ணெய் குடித்து ஊறிவிட்டால் வழுக்கும். வழுக்கினால் ஏற்றத்தில் இன்ஜின் மட்டும் கத்தும், வண்டி ஏறாது. விற்கப் போகிறவர்கள் வெள்ளை மண்பொடியை உள்ளே தூவிவிடுவார்கள். எண்ணெயை அது இழுத்துக்கொள்ளும். சமதரையில் ஒரு பொழுது தாங்கும். பஸ் கம்பெனியில் இதை அவன் கண்ணால் பார்த்திருக்கிறான்.

ஏறவும் ஏறாது, நிறுத்தினாலும் நிற்காது. ஆலங்காயத்து ஏற்றம் அவன் கண்முன் வந்தது. பின்சீட்டில், அந்த அருமையான தோலின்மேல், வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஜஹீதா உட்கார்ந்திருக்கிறாள். முன்னால் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு அவன். திரும்பி வரும் இறக்கத்தில் வண்டி நிற்காமல் உருள்கிறது. அந்த மூச்சு இழுக்கும் ஓசை.

நிமிர்ந்து திரும்பினான். அதற்குள் துண்டு விழுந்துவிட்டது.

தோல் வியாபாரத்தில் விலையை வாயால் சொல்வதில்லை. வாங்குகிறவர் கையும் விற்கிறவர் கையும் சேர்ந்த இடத்தில் ஒரு துண்டைப் போட்டு மூடிவிடுவார்கள். உள்ளே விரலைப் பிடித்துத்தான் பேச்சு. பிடிக்கிற விரல்தான் விலை. உள்ளங்கையைச் சுரண்டினால் வேண்டாம் என்று அர்த்தம். கையைக் குலுக்கினால் முடிந்தது. அதற்குப் பிறகு மாறினவனுக்குச் சந்தையில் சரக்கு கிடைக்காது. துண்டு விழுந்திருக்கும்போது மூன்றாம் ஆள் வாய் திறக்கக்கூடாது. தேவசகாயத்துக்கு இதெல்லாம் தெரியும். கிளீனராவதற்கு முன் தோல் சந்தையில் கட்டுத் தூக்கியவன்தானே.

"மொதலாளி..." என்றான்.

ஆபித் பாஷா திரும்பி முறைத்தார். "டேய், கை உள்ள இருக்கறப்ப பேசுவாங்களா? ஒதுங்கு!"

ஒதுங்கினான். துண்டு அங்கும் இங்கும் அசைந்தது. மக்பூல் அகமது கண்ணைப் பாதி மூடியிருந்தார். ரத்தினசாமி தலையை ஆட்டினார், உதட்டைப் பிதுக்கினார், அப்புறம் ஆட்டுவதை நிறுத்தினார். அவர் முகத்தில் சிரிப்பு மெல்லப் பரவியது. சந்தையில் அந்தச் சிரிப்பை தேவசகாயம் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறான். அடுத்தது குலுக்கல்தான்.

வேலை போகும். ஊரே சிரிக்கும். முதலாளி அடித்தாலும் அடிப்பார். கால் இரண்டும் பின்னால் போகச் சொன்னது. அவன் கை மட்டும் முன்னால் போயிற்று. துண்டுக்குள் நுழைந்து, முதலாளியின் கையைத் தேடிப் பிடித்து, உள்ளங்கையை நகத்தால் பரபரவென்று சுரண்டியது.

மக்பூல் அகமது கண்ணைத் திறந்து துண்டையே பார்த்தார். "யார் கை இது?" என்றார்.

துண்டு தரையில் விழுந்தது. அவர் முகம் சிவந்து கறுத்தது. "இன்னாடா பண்ண நீ? இன்னா பண்ண?"

"வேணாம் மொதலாளி. வண்டி ஏறாது. நிக்கவும் நிக்காது. ஜஹீதா பாப்பாவ இதுல கூட்டினு வர முடியாது."

ரத்தினசாமி கையைத் தட்டிச் சிரித்தார். "ஓட்ட பயமா இருக்குதுன்னு சொல்லேம்ப்பா! சாயபு, இவனப் போயி டிரைவர்ன்னு வெச்சினுக்கிறீங்களே. தோள்ல இன்னா மூட்டை?"

"கட்டை," என்றார் ஆபித் பாஷா வெறுப்புடன்.

"கட்டையா! கார் வாங்க வந்தவன் கட்டையோட வந்தானா!"

மக்பூல் அகமது துண்டை எடுத்து உதறினார். "ஏறாதுன்ற இல்ல? ஏத்திக் காட்டு. ஏறிச்சுன்னா இன்னிக்கே உன் கணக்க முடிச்சிடுவேன்."

பாலாற்றுக்கு மணல் வண்டிகள் இறங்கி ஏறும் சரிவு ஒன்று பக்கத்தில் இருந்தது. ஆற்றில் தண்ணீர் இல்லை, மணல்தான். கார் அதுவரை பூனை போல ஓடியது. இறங்கும்போது கீழ் கியரில் போட்டு, கைப்பிரேக்கையும் இழுத்துப் பிடித்து, ஓரத்து மண்ணில் சக்கரத்தை உரசவிட்டு இறக்கினான். அதற்கே முதுகு நனைந்துவிட்டது.

கீழே காரைத் திருப்பி நிறுத்திவிட்டுச் சொன்னான்: "யாரும் ஏற வேணாம் மொதலாளி. நான் மட்டும் போறேன்."

"நான் ஏறுவேன். எம்பொண்ணு உக்கார்ற எடத்துல நான் உக்காந்து பாக்கறேன்." பின்சீட்டில் போய் உட்கார்ந்தார்.

தேவசகாயம் ரத்தினசாமியைப் பார்த்தான். "நீங்களும் ஏறுங்க. உங்க வண்டிதான?"

ரத்தினசாமி கோட்டைத் தட்டிவிட்டுக்கொண்டார். "எனக்கு எதுக்குப்பா? மணல்ல செருப்பெல்லாம் பேஜார் ஆயிடுச்சு. நான் நடந்தே வர்றேன்."

அந்தப் பதில் போதுமாக இருந்தது. ஆனால் முதலாளி அதைக் கேட்டதாகக் காட்டிக்கொள்ளவில்லை. தேவசகாயம் பையை அவிழ்த்துக் கட்டையை ஆபித் பாஷாவிடம் நீட்டினான். "பாய், பின்சக்கரத்துக்கிட்ட நடந்து வாங்க. கத்தினேன்னா கீழ வெச்சிடுங்க."

"நான் உனக்குக் கிளீனரா?" என்றார் அவர். ஆனாலும் வாங்கிக்கொண்டார்.

கார் ஏறியது. முதல் பாதி ஏறியது. முதலாளி பின்னாலிருந்து, "எங்கடா ஏறாதுன்ன?" என்றார். அவர் சொல்லி முடிக்கும்போது இன்ஜினின் சத்தம் மாறியது. உறுமல் கிறீச்சென்று மேலே போயிற்று. தோல் கருகும் வாடை வந்தது. வண்டி நின்றது. ஒரு கணம் எங்கும் போகாமல் தொங்கியது போல நின்றது. பிறகு பின்னால் நகர்ந்தது.

"பாய்! கட்டை!"

ஆபித் பாஷா கட்டையை அங்கேயே எறிந்துவிட்டு ஓடினார். தேவசகாயம் பிரேக்கின்மேல் எழுந்து நின்றே மிதித்தான். ஒன்றும் நடக்கவில்லை. பின்னால் முதலாளி மூச்சை உள்ளே இழுக்கும் ஓசை கேட்டது. அதே ஓசை. திரும்பிப் பார்த்து, இடது பக்கம் ஆற்றுமணல் மேடாகக் குவிந்திருந்த இடத்துக்கு ஸ்டியரிங்கை ஒடித்தான். பின்சக்கரங்கள் அச்சுவரை மணலில் புதைந்தன. கார் ஒருபக்கம் சாய்ந்து நின்றுவிட்டது.

முதலாளி சீட்டுத் தோலை இரண்டு கையாலும் கொத்தாகப் பிடித்திருந்தார். விரல் விரலாக விட்டார். இறங்கி, மணலில் இரண்டடி நடந்து, உட்கார்ந்துகொண்டார். தேவசகாயம் காரின் மறுபக்கம் போய் வாந்தி எடுத்தான்.

ரத்தினசாமி ஓடி வந்தார். "சாயபு, ஏதோ இவன் தப்பா ஓட்டி..."

மக்பூல் அகமது எழுந்தார். தோளிலிருந்த துண்டைத் தன் கைமேல் போட்டு நீட்டினார். ரத்தினசாமி பழக்கத்தில் தன் கையையும் உள்ளே விட்டார். துண்டு ஒரே ஒரு தரம் அசைந்தது. ரத்தினசாமி கையை வெளியே எடுத்துத் தடவிக்கொண்டார். சுரண்டல் பலமாகத்தான் இருந்திருக்க வேண்டும்.

ஆம்பூருக்குத் திரும்பும் ரயிலில் முதலாளி துண்டை மடிப்பதும் பிரிப்பதுமாக வந்தார். நன்றி என்று சொல்லவில்லை. தேவசகாயம் மறுநாள் காலை எண்ணெய் இன்ஜினுக்கே போனான். காக்கித் துணியைச் சவுரியம்மாள் மடித்துப் பெட்டியில் வைத்தாள். கட்டை தேவசகாயம் கையைத் துண்டுக்குள் விட்ட கதை டேனரி முழுக்கப் பரவி, பாதிப் பேர் அவனைப் பார்த்தாலே உள்ளங்கையைச் சுரண்டிக் காட்டினார்கள்.

வாரக் கடைசியில் முதலாளி ஆள் அனுப்பினார். "ஆலங்காயம் போறோம். கட்டைய எடுத்துக்க."

ஜஹீதா கூண்டு வண்டியில்தான் வந்தாள். வைக்கோல்மேல் இரண்டு மெத்தை, அதன்மேல் அம்மா ஹலீமா பீயின் மடி. காட்டோரத்துச் சரிவு வந்ததும் வண்டிக்காரன் மாடுகளை இழுத்துப் பிடித்தான். தேவசகாயம் கையில் கட்டையுடன் சக்கரத்துக்குப் பக்கத்திலேயே குனிந்தபடி நடந்தான். பஸ் மோதிய மரம் வலது பக்கம் வந்தது. அதைப் பார்க்காமலிருக்க முயன்றான், முடியவில்லை.

கூண்டுத் திரைக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது.

"தேவா அண்ணே, அந்தக் காரு நல்லா இல்லியாமே?"

சக்கரத்தைவிட்டுக் கண்ணை எடுக்காமல் அவன் சொன்னான்: "சீட்டு ரொம்ப நல்லா இருந்துச்சும்மா."