ஓர் ஆள் நுழையும் இடைவெளி

ஈஜிபுராவை ஒட்டியிருக்கும் அந்த அபார்ட்மெண்டில் முனிகிருஷ்ணன் இருபத்திரண்டு வருடமாகத் தோட்டக்காரர். அவர் மனைவி லட்சுமம்மாவுக்கும் அங்கேதான் வேலை, மமதா என்ற டீச்சர் வீட்டில் சமையலும் பாத்திரமும். அபார்ட்மெண்டின் வாசல் மெயின் ரோட்டில் இருந்தது. அவர்கள் வீட்டிலிருந்து சுற்றிக்கொண்டு போனால் ஒன்றரைக் கிலோமீட்டர். பின்பக்கமோ ஐந்து நிமிடம்: ராஜகாலுவே என்று ஊரார் சொல்லும் பெரிய சாக்கடைக் கால்வாய், அதன்மேல் யாரோ போட்ட கல்பலகை, தாண்டினால் அறுந்து தொங்கும் கம்பிவேலி. வீட்டுவேலைக்கு வரும் பத்துப் பன்னிரண்டு பெண்களும் அப்படித்தான் வந்து போனார்கள்.

ஒரு நாள் பி பிளாக்கில் ஒரு சைக்கிள் காணாமல் போனது. யார் எடுத்தது என்று கடைசிவரை தெரியவில்லை. ஆனால் பின்வழியை அடைத்துவிட வேண்டும் என்று குடியிருப்போர் சங்கத்தில் முடிவானது. கால்வாய் ஓரத்தில் சுவர் எழுப்ப அனுமதி கிடைக்காது. செயலாளர் அச்யுத் முனிகிருஷ்ணனைக் கூப்பிட்டு, தமிழும் கன்னடமும் கலந்து சொன்னார்: "முள்ளுச்செடி போட்டுடு முனி. ஸ்வல்பகூட கேப் இருக்கக் கூடாது."

களாச்செடிதான் சரி என்று முனிகிருஷ்ணன் சொன்னார். கயிறு கட்டி இரண்டு வரிசைக்குக் குழி எடுத்தார். செடிக்குச் செடி ஒன்றரை அடி. முன்வரிசையில் இரண்டு செடிக்கு நடுவே பின்வரிசையில் ஒன்று. நெருக்கி நட்டால் அடிக்கிளை வெயில் படாமல் காய்ந்துவிடும், மேலே மட்டும் பச்சையாக நின்று கீழே நாய் நுழையும் என்பது அவருக்குத் தெரியும்.

"பலகைக்கு நேரா மட்டும் ரெண்டு செடி வுட்டுட்டு நடுய்யா," என்றாள் லட்சுமம்மா. "எவன் வந்து அளக்கப் போறான்?"

அவரும் விட்டார். ஓர் ஆள் ஒருக்களித்து நுழையும் அளவுக்கு அந்த இடம் நின்றது. இரண்டு மழைக்காலத்தில் வேலி மற்ற இடங்களில் இடுப்புக்கு மேல் வளர்ந்து பின்னிக்கொண்டது. அங்கே மட்டும் பக்கக் கிளைகளை அவர் நறுக்கிக்கொண்டே இருந்தார். பெண்கள் முந்தானையை இழுத்துச் சொருகிக்கொண்டு நுழைந்தார்கள்.

அச்யுத் ஒரு காலையில் அவரை வேலிக்கே கூட்டிக்கொண்டு போய், ஃபோனில் கேமரா பதிவைக் காட்டினார். கையுறை போட்ட கையால் முனிகிருஷ்ணன் முள்கிளையை ஒதுக்கிப் பிடித்திருந்தார். லட்சுமம்மா குனிந்து உள்ளே வந்துகொண்டிருந்தாள்.

"இது யாரு, உன் வொய்ஃபா?"

"ஆமா சார்."

"இத்தன வருஷமா இருக்கியேன்னு பாக்கறேன். இல்லேன்னா இன்னிக்கே அனுப்பியிருப்பேன். நர்சரியிலருந்து பெரிய செடியா வாங்கியாந்தாச்சு. இப்பவே நடு, என் கண்ணு முன்னாடி. ஒரு அடிக்கு ஒண்ணு."

முனிகிருஷ்ணன் மண்வெட்டியை எடுத்தார். பிறகு தயங்கி, "ஒரு அடின்னா கீழ காஞ்சிடும் சார்," என்றார்.

"காஞ்சா வேற நட்டுக்கலாம். நடு."

நான்கு செடிகளை நட்டார். மண்ணை மிதித்துவிட்டு நிமிர்ந்தபோது லட்சுமம்மா பலகைமேல் நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாக நின்றாள் என்று தெரியவில்லை. திரும்பி நடந்தாள்.

அன்று மாலை வீட்டில் சொன்னாள்: "செடி காஞ்சிடும்னு சொன்னியே. பொண்டாட்டிக்கு மூட்டு வலி, இவ்ளோ தூரம் நடக்க முடியாதுன்னு ஒரு வார்த்த வந்துச்சா உன் வாயில?"

மனைவிக்காகப் பேசலாம் என்றே அந்த நேரத்தில் அவருக்குத் தோன்றவில்லை. அதை அவளிடம் எப்படிச் சொல்வது?

அதன்பின் அவள் சுற்றிக்கொண்டு நடந்தாள். வாசலில் பையைத் திறந்து காட்டி, நோட்டில் கையெழுத்துப் போட்டு, லிஃப்டுக்கு நின்று மேலே போவதற்குள் மமதா டீச்சர் ஸ்கூலுக்குக் கிளம்பியிருப்பார். ஒரு மாதம் பொறுத்துப் பார்த்துவிட்டு, "தப்பா நெனச்சுக்காதீங்கம்மா," என்று டீச்சர் வேறு ஆளை வைத்துக்கொண்டார். லட்சுமம்மா பொம்மசந்திராவில் ஒரு பேக்கிங் கம்பெனிக்குப் போனாள். எட்டு மணி நேரமும் நின்றே செய்ய வேண்டிய வேலை. பின்வழியே வந்த மற்ற பெண்கள் முனிகிருஷ்ணனைத் தெருவில் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். அவரும் இப்போது மெயின் ரோட்டைச் சுற்றித்தான் வேலைக்குப் போனார்.

வேலி நன்றாக வந்தது. வட்டாரத்தில் சிறந்த தோட்டம் என்று ஏதோ பரிசு கிடைத்தது. வேலிக்கு முன்னால் அச்யுத் நிற்கும் படம் லிஃப்டுக்குள் ஒட்டப்பட்டது.

அடுத்த வருடம் களாச்செடி காய்த்தது. முனிகிருஷ்ணன் கையெல்லாம் கீறிக்கொண்டு ஒரு பை நிறையப் பறித்துவந்து அவள் முன்னால் வைத்தார். ஊறுகாய் போடுவாள், அந்தச் சாக்கிலாவது நான்கு வார்த்தை பேசுவாள் என்று நினைத்தார்.

"எங்க காச்சுது?"

"அங்கதான்."

லட்சுமம்மா பையின் வாயைக் கட்டிக் கதவுப் பக்கம் வைத்தாள். காலையில் குப்பை வண்டி வந்ததும், காய்கறித் தோலோடு அதையும் தூக்கிப் போட்டுவிட்டு, பொம்மசந்திரா பஸ்ஸைப் பிடிக்க நொண்டிக்கொண்டே போனாள்.